ஜோடி மாமாவின் தைல டப்பி மைக்குகள்

எழுபதுகளில் எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் நடந்த அத்தனை குடும்பச் சண்டைகளையும் டேப்பில் பிடித்து, அதில் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் வாங்கிக்கொள்ளாத மகான் ஜோடி மாமா. அவர் பார்த்ததெல்லாம் ரிக்கார்டரில் சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் ஊசியை மட்டும்தான்.

எதிர்வீட்டு மாடியில் தனியாக இருந்தார். பகலில் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. மூர் மார்க்கெட்டில் பழைய காது கேட்கும் கருவிகளை வாங்கிப் பிரித்து, உள்ளே இருக்கும் பட்டாணி அளவு மைக்கை எடுத்துத் தலைவலித் தைல டப்பியில் பொருத்துவார். அப்படி இரண்டு செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே சத்தத்துக்கு இரண்டு ஊசிகளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நின்றால் ஜோடி, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. பதினான்கு செய்தும் ஒன்றுக்கும் ஜோடி சேரவில்லை. மாமாவுக்கும் கல்யாணம் ஆகவில்லை. தெரு இப்படிப் பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

சோதனைக்கு ஒரே சீரான குரல் வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா வஞ்சிரம், நெத்திலி என்று கூவிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள்.

"அங்கேயே நின்னு அதே மாதிரி இன்னொரு தரம் கத்துங்கோம்மா!"

"இன்னா சாமி, மீனு வாங்க மாட்டே, சொம்மா கூவ மட்டும் சொல்றியே!"

"வஞ்சிரத்துக்கு ஊசி ஜோரா நிக்கறது. நெத்திலிக்குத்தான் ரெண்டு கோடு எறங்கறது."

"நெத்திலி சின்ன மீனு நைனா. அதுக்கு அவ்ளோதான் கூவ முடியும்."

அன்றைக்குத்தான் முதல் ஜோடி சேர்ந்தது. மாமா தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது, தில்லி மாப்பிள்ளை. லீவு கிடைக்காததால், பெண் பாடுவதை டேப்பில் அனுப்பச் சொன்னார்கள். அப்பா ஜோடி மாமாவைக் கூப்பிட்டார்.

"இந்த மைக்குக்கு எல்லாத் திசையும் ஒண்ணுதான். சமமா கேக்கும்" என்றார் மாமா.

"பாட்டு ஒரு திசையிலேருந்துதானே வரது?" என்றாள் அம்மா.

"இருக்கட்டுமே மாமி. மத்த திசையெல்லாம் என்ன பாவம் பண்ணித்து?"

இரண்டு தடவை பாடினேன். தைல நெடியில் கண்ணில் தாரை தாரையாக நீர். என்ன பக்தி என்று அத்தை வியந்தாள். ஊசிகள் ஒழுங்காக ஆடிய டேப்பை மறுநாள் காலையில் மாமாவே தபாலில் சேர்த்தார். அதற்கு முன் எடுத்துவைத்திருந்த நகலை மாலையில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்.

என் பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது: "மாப்பிள்ளைக்கு வழுக்கையாம். போட்டோல சாமர்த்தியமா குல்லா போட்டுண்டிருக்கான்." அடுத்து அத்தை: "இவ மட்டும் என்ன? சாம்பார் வெக்கச் சொன்னா ரசம் வெக்கறா."

அப்பா எட்டி டேப்பை நிறுத்தினார். "அனுப்பினதுலயும் இது இருக்கா?"

"இதைவிடத் தெளிவா இருக்கு!" என்றார் மாமா, பெருமையாக.

அப்பா சட்டையைக்கூட மாட்டாமல் தபாலாபீசுக்கு ஓடினார். தபால் பை போய்விட்டிருந்தது.

மூன்று வாரம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பேசினால் மாமாவின் மைக் கேட்டுவிடுமோ என்று ஜன்னலை வேறு சாத்தி வைத்தோம். நான் குளியலறையில் அழுதேன், அதையும் சத்தமில்லாமல்.

பிறகு மாப்பிள்ளையே எழுதினார். 'டேப் கேட்டேன். வழுக்கை உண்மைதான். சாம்பார் எனக்கு நன்றாக வைக்க வரும். பெண்ணுக்குச் சம்மதமா?'

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எதிர்வீட்டு மாடிப்படி ஏறி நானே மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆவலாக எழுந்து நின்றார்.

"இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவுல கேட்டுதாமா? அதைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காரா?"

எழுதவில்லை என்றதும் முகம் வாடிவிட்டது.

கல்யாணமாகித் தில்லி போனதும் பார்த்தேன். என் கணவரின் டேப் ரிக்கார்டரில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். அன்றைக்கே மாமாவுக்கு ஒரு கார்டு போட்டேன்: 'மாமா, ரெண்டு பக்கமும் சமமாத்தான் கேட்டுதாம். மயிரிழை வித்தியாசம்கூட இல்லையாம்.'