கல்லான பிரேக்கும் என் வலது காலும்

அன்பு மகள் தவுசிக்கு,

சோனி மேட்டிலிருந்து உன் அப்பா சொல்லச் சொல்ல ஹெமெதி வாத்தியார் எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சலாம். இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு மாடுகளும் சுகம். மழை அளவாகப் பெய்கிறது, பீன்ஸ் கொடி ஏறிவிட்டது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசி முடித்ததும் வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் முக்கியமானது. என் காலில் எந்தக் குறையும் இல்லை. ஆகையால் வண்டியை வாங்க வெள்ளிக்கிழமை அந்தக் கொரோக்வே ஊர்க்காரரை அனுப்பாதே. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, அங்கேயே இருக்கும்.

நீ வண்டி அனுப்பிய மறுவாரம் தொடங்கிய கதை இது. மொம்போ சந்தைக்கு முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினேன். முதல் வளைவில் பிரேக் வெண்ணெய் மாதிரி இறங்கியது. இரண்டாவது வளைவில் கொஞ்சம் முறைத்தது. மூன்றாவது வளைவில் மிதித்தால், தவுசி, நான் மிதித்தது பெடலையா மலையையா என்று தெரியவில்லை. இரண்டு காலையும் வைத்து, இருக்கையிலிருந்து எழுந்து நின்று அழுத்தினேன். அருவிக்குப் பக்கத்தில், பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. உன் அம்மாவும் வண்டியில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தாள். நீ உடனே "அப்பாவுக்குக் கால்ல பலம் போயிடுச்சு, வண்டியை வித்துடலாம்" என்றாய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கேட்டது.

சோனியில் மெக்கானிக் ஹோசாவிடம் கொண்டுபோனேன். அவன் முற்றத்தில் மிதித்துப் பார்த்தான், பஞ்சு மாதிரி போகிறது. இருந்தாலும் மனம் கேட்காமல் பிரேக் கட்டையை மாற்றினான். மறுபடியும் இறங்கினேன், மூன்றாவது வளைவில் அதே கல். திரும்பப் போனேன். எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றிக் காற்றையும் எடுத்துவிட்டான். முற்றத்தில் பஞ்சு, வளைவில் கல். அதற்குப் பிறகு அவன் வண்டியைப் பார்க்கவில்லை, என் முழங்காலைத்தான் பார்த்தான். ஊரில் எல்லாரும் அங்கேதான் பார்த்தார்கள். சரி, நீங்கள் சொல்வதுதான் உண்மையோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் காலையில் ஒரு தரம் மாலையில் ஒரு தரம் முழங்காலில் ஆமணக்கெண்ணெய் தேய்த்தேன், ஒரு கிண்ணம் கஞ்சி கூடுதலாகக் குடித்தேன், மாட்டுக்கொட்டகைக் கதவை வலது காலால் அழுத்திப் பழகினேன். கதவு காற்றில் உடைந்தது என்று உன் அம்மாவிடம் சொன்னது பொய். கதவு உடைந்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. கதவை உடைக்கிற கால் பெடலை அழுத்தாதா?

மூன்றாம் முறை ஹோசாவிடம் போனபோது உன் அம்மாவும் வந்தாள். அவன் மிதித்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க, வண்டில ஒண்ணுமில்ல" என்றான். உன் அம்மாதான் பேசினாள்.

"ஏம்ப்பா, இங்க நின்னா எப்படித் தெரியும்? நாங்க பேசிக்கிட்டு வர்ற இடத்துலதான் அது கல்லாகுது."

"பேசுற இடமா? அது எங்கம்மா?"

"இறக்கத்துலதான். மத்த இடத்துல என்ஜின் போடுற சத்தத்துல நான் சொல்றது இவருக்கு எங்க கேக்குது?"

ஹோசா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இறக்கத்துல அந்தச் சத்தம் எங்க போகுது?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவன் வீட்டு வாழைமரத்தைப் பார்த்தேன்.

தவுசி, நான் ஏழு டன் லாரி ஓட்டியவன். எழுபத்து நான்காம் வருஷம் ரமலான் கழிந்த மூன்றாம் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி சொன்ன முதல் பாடம், இறக்கத்தில் வண்டி தன் எடையில் போகும், அதற்கு எதற்கு டீசல், சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்து என்பது. முப்பத்தொரு வருஷம் திருப்பினேன், இந்த வண்டியிலும் திருப்பினேன். அந்த லாரியில் பிரேக் எப்போதும் கல்தான், என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். இந்த வண்டி அப்படி இல்லையாம். பெடலுக்குப் பின்னால் சட்டி மாதிரி ஒரு டப்பா இருக்கிறது. என்ஜின் அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அந்த உறிஞ்சல்தான் நம் காலோடு சேர்ந்து மிதிக்கிறது. என்ஜினை நிறுத்தினால் மிச்சம் இருப்பது இரண்டு மிதிக்குத்தான் வரும். அப்புறம் நீயும் உன் காலும்.

ஹோசா என்னை உட்காரவைத்தான். என்ஜினை நிறுத்தி மூன்று தரம் மிதிக்கச் சொன்னான். கல். "காலை எடுக்காம சாவியைத் திருப்புங்க" என்றான். திருப்பினேன். என்ஜின் ஓடத் தொடங்கியதும் என் காலடியில் பெடல் தானாக இறங்கியது. யாரோ கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்ட மாதிரி. நான் அழவில்லை. வாத்தியாரே, அதை அப்படியே எழுதுங்கள். கண்ணில் பிரேக் எண்ணெய் பட்டது.

இனி இறக்கத்தில் சாவியைத் தொடமாட்டேன் என்று ஹோசாவுக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். நேற்று மொம்போ வரை போய் வந்தேன். பெருவிரலால் தொட்டால் நிற்கிறது. இரண்டு வாரத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். ஆக, ஓட்டுகிறவன் திடம், கால் திடம், வண்டி திடம். கொரோக்வேகாரரிடம் வேறு வண்டி பார்க்கச் சொல்.

உன் வாசலில் எந்தக் குறையும் அண்டாதிருக்கட்டும். பிள்ளைகள் தலையில் என் கை எப்போதும் இருக்கிறது.

உன் அப்பா

பின்குறிப்பு: பஸ் நேற்று வராததால் கடிதம் இங்கேயே கிடந்தது. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. பெடல் இவ்வளவு மெத்தென்று இறங்குமா என்று உன் அம்மா தன் காலை வைத்துப் பார்த்தாள். பிறகு பந்து விளையாடும் திடலில் மூன்று சுற்று ஓட்டினாள், கோல் கம்பத்தைக்கூட இடிக்கவில்லை. லைசென்ஸுக்கு எங்கே போகவேண்டும் என்று ஹோசாவிடம் கேட்டு வைத்திருக்கிறாள். சாவி என் பையில் இருக்கிறது என்று மேலே சொன்னது முந்தாநாள். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. மூன்று சுற்றும் பேசினேன். என்ஜின் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம்.