தரை தொடாத பச்சை விரல்

கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து உயிரை வாங்குவதை எந்த ஆணும் வெளியே சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அலங்காநல்லூரில் ஒரு குடும்பம் என்னைப் பேய் என்று நினைத்து அரிவாள் எடுத்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மதுரையில் ஒரு மில் ஆபீஸில் குமாஸ்தா. என் இடது கட்டைவிரல் பிறவியிலேயே பக்கத்து விரல்மேல் சாய்ந்தது. அந்தக் கோணலைக் கூர்மூக்குப் பூட்ஸுக்குள் திணித்து, ஆபீசர் மாதிரி நடந்தேன். (ஆபீசருக்கு விரல் நேராக இருந்தது.) வெளியே வர வழியில்லாத நகம் உள்ளே இறங்கியது. வலி தாளாமல் அந்தக் காலைக் குதிகாலால் மட்டும் ஊன்றப் பழகினேன். மாப்பிள்ளை நொண்டி என்று இரண்டு வீடுகளில் பெண் தர மறுத்துவிட்டார்கள்.

மூன்றாவது இடம் அலங்காநல்லூர். தை மாதம், விளக்கு வைக்கிற நேரம். பனி வயல்களிலிருந்து எழுந்து வண்டிப்பாதையைத் தின்றுகொண்டிருந்தது. பனைமரங்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் நின்றன. வேப்பிலை அரைத்துப் பூசிய விரலை, தரைவரை இறக்கிய வேட்டி மறைத்தது. துணைக்கு என் தாய்மாமா.

"உசுரு போகுது மாமா."

"போனாப் போகட்டும் மாப்ள. மொகத்துல காட்டாத. இதுவும் தட்டிப்போச்சுன்னா நீ சாமியாராப் போக வேண்டியதுதான்."

சாணமிட்டு மெழுகிய ஈரத்தரையில் நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் தடங்களைத் திரும்பிப் பார்த்தேன். வலது, முழுப் பாதம். இடது, வெறும் குழி. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பெண் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். வழக்கப்படி தலை நிமிரவில்லை. ஆகவே மாப்பிள்ளையில் அவளுக்குக் கிடைத்தது கால்கள் மட்டும்தான். உட்கார்ந்ததில் என் வேட்டி ஏறியிருந்தது; வலிக்குப் பயந்து இடது காலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அகல் வெளிச்சத்தில், தரைக்கு ஓர் அங்குலம் மேலே, பச்சை விரலோடு ஒரு பாதம் அசையாமல் மிதந்தது.

தட்டு விழுந்தது. "அப்பா! இவுகளுக்குக் கால் பாவலை!"

பேய்க்குக் கால் தரையில் படாது என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். சுவரில் நிழல்கள் மட்டும் ஆடின. அவள் அப்பா கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மாமா மெதுவாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"மாமா, நான்தான்!"

"அதுவும் அப்படித்தாண்டா சொல்லும்."

பெண் மட்டும் நகரவில்லை. "மனுசன்னா காலை ஊனச் சொல்லுங்கப்பா."

ஊன்றினேன். நான் போட்ட கூச்சலுக்குத் தெருநாய்கள் ஊளையிட்டன. மெழுகிய தரையில் ஒரு சொட்டுச் சிவப்பு பரவியது. அப்போதுதான் அவள் தலை நிமிர்ந்தாள்.

"ரத்தம் வருது. மனுசந்தான்."

அவள் அப்பா குனிந்து பார்த்து அரிவாளைக் கீழே வைத்தார். "அட, நகம் உள்ள எறங்கியிருக்கு! இதுக்கா இம்புட்டு?" என்று தம் காலை நீட்டினார். அதே சாய்ந்த விரல், அதே புதைந்த நகம். "வெரலு கோணுனா நகம் எங்கிட்டுப் போகும்? சதைக்குள்ளதான்." அவர் தம்பியும் கூச்சத்தோடு ஒரு காலை நீட்டினார். பிறகு கூச்சல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில், இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த தன் காலை என் மாமா. உடம்புகள் இருட்டில் இருக்க, விளக்கைச் சுற்றிக் கோணல் பாதங்கள் மட்டும் கூடியிருந்தன. எல்லோரும் என்னைப்போல மறைத்து மறைத்தே நடந்திருக்கிறார்கள்!

"நீ என்னத்தா சொல்ற?" என்று அவள் அப்பா கேட்டார்.

"நகத்தை வெட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

தர்மாஸ்பத்திரியில் நகத்தின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள். பங்குனியில் கல்யாணம்.

இன்றும் நான் வெளியே போய்த் திரும்பினால் அவள் உடனே கதவைத் திறப்பதில்லை. "கால் பாவுதா?" என்று உள்ளிருந்து கேட்பாள். நான் வாசலில் இடது காலை ஓங்கி மிதிக்க வேண்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன மாதம் நான் சமயநல்லூரில் ஒரு துக்க வீட்டில் இருந்தேன். அன்று சாயங்காலம் மிதிக்கிற சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்தாளாம். வாசலில் யாருமில்லை.

இதை மட்டும் அவள் சிரிக்காமல் சொல்கிறாள். இப்போதெல்லாம் என்னை இரண்டு தடவை மிதிக்கச் சொல்கிறாள்.