‘கெட்’டின் பின்னால் நான் போன கதை

ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவர்களால் இந்த உலகத்துக்கு எந்தத் தீங்கும் வந்ததில்லை. நன்றாகத் தெரிந்தவர்களாலும் பெரிதாக வந்ததில்லை. (கொஞ்சம் வந்தது. அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்.) அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதி கற்றவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் நான் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில், ஒரு டுடோரியல் நடந்தது. பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவர்கள் மறுபடி எழுதுவதற்காக அங்கே படித்தார்கள். அதன் பிரின்சிபால் சபாபதி சார் என்னை ஒரு மாதச் சோதனையில் ஆங்கிலத்துக்கு எடுத்திருந்தார். “பொம்பளப் புள்ள. தமிழ் மீடியத்துல படிச்சவ வேற. ஒரு மாசம் பாப்போம்மா” என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவருடைய மச்சான் மகன் ஒருவன் சும்மா இருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். உலகத்தில் வேறு எதையும் அந்த அளவுக்கு நான் விரும்பியதில்லை. தெருவில் போகும்போது யாராவது “இங்கிலீஷ் மிஸ் போறாங்க” என்று சொல்வதைக் கேட்பதற்காகவே வழியை மாற்றிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

மாதக் கடைசியில் பிரின்சிபால் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ‘கெட்’. அந்தச் சின்ன வார்த்தை மேல் எனக்கு ஒரு பித்தே பிடித்திருந்தது. பக்கத்தில் ‘அப்’ வந்தால் எழுந்துகொள்கிறது. ‘ஆன்’ வந்தால் பஸ் ஏறுகிறது. ‘ஓவர்’ வந்தால் துக்கத்திலிருந்து மீள்கிறது. ‘த்ரூ’ வந்தால் பரீட்சையில் தேறுகிறது. ‘அவே’யும் ‘வித்’தும் சேர்ந்து வந்தால், தப்பு செய்துவிட்டு மாட்டாமல் நழுவுகிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அறுபத்து மூன்று கெட் சேர்த்து வைத்திருந்தேன். சில பெண்கள் புடவை வாங்கினால் தெருவுக்கே காட்டுவார்களே, அப்படிப் புதிய கெட் கிடைத்த அன்று நான் வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன்.

இந்த நோட்டின் மேல் கல்லெறிந்தவன் பெருமாள். வகுப்பிலேயே மூத்தவன். என் வயதுதான், ஆனால் மீசை வைத்திருந்ததால் எனக்கு அண்ணன் மாதிரி இருந்தான்.

“மிஸ், கெட்டுன்னா தனியா இன்னா அர்த்தம்?”

“பெறுதல்.”

“அப்ப காலைல எழுந்திருக்கறோமே, அதுல என்னாத்தப் பெறோம்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. நான் கரும்பலகையைத் துடைத்தேன். பெருமாள் விடவில்லை.

“இதெல்லாம் புக்ல போடறது மிஸ். வெள்ளக்காரங்க இப்டிலாம் பேசவே மாட்டாங்க.”

“பேசுவாங்க. ஒரு வெள்ளக்காரம்மாவையே கூட்டிட்டு வர்றேன். நீயே கேட்டுக்கோ” என்றேன்.

கதவோரம் நின்று இதைக் கேட்ட பிரின்சிபாலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாதிரிப் பாடத்தன்றே கூட்டி வரச் சொன்னார். “கூட்டிட்டு வா, வேல உனக்குத்தான்” என்று வாக்கும் கொடுத்தார். மறுநாள் காலையில் வாசல் பலகையில் ‘இங்கிலாந்துப் பேராசிரியை சிறப்புரை’ என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. எனக்கு இங்கிலாந்திலும் யாரையும் தெரியாது, செங்கம் ரோட்டிலும் யாரையும் தெரியாது.

ஆனால் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போனால் வெளிநாட்டுக்காரர்கள் கண்ணில் படுவார்கள். அன்று மாலையே போனேன். வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், தோளில் துணிப்பையுடன் மலையைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் வழியை மறித்தேன். நீங்கள் இங்கிலாந்தா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் புன்னகையுடன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். நம் ஊரில் ‘ஆமாம், சரி, அதுக்கென்ன’ எல்லாவற்றுக்கும் அப்படித்தானே ஆட்டுவோம். இங்கிலாந்துதான் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

நான்கு மாலைகள் அவரோடு நடந்தேன். என் பெயர் பத்மாவதி என்பதில் ஆரம்பித்து, அப்பாவின் விதைக்கடை, என் மார்க்கு, பெருமாளின் மீசை வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கெட் வைத்தேன். அவர் தலையாட்டினால் நோட்டில் ஒரு டிக் போட்டுக்கொண்டேன். அப்படியாகப் பத்தொன்பது கெட்டுகள் இங்கிலாந்தின் அங்கீகாரம் பெற்றன. பேச்சுக்கு நடுவே அவர் அடிக்கடி துணிப்பைக்குள் கையை விடுவார். நமக்குத் தின்ன ஏதோ எடுக்கிறார் என்று நினைத்து, “நோ தேங்க்ஸ் மேடம்” என்பேன். அவர் கையை எடுத்துவிடுவார். எவ்வளவு நாகரிகமான பெண்மணி என்று வியந்துகொள்வேன்.

பொழுது சாய்வதற்குள் நான் ஓட வேண்டும். நாங்கள் சமணர்கள், இருட்டினால் எங்கள் வீட்டில் சோறு கிடையாது. அதனால் ஒவ்வொரு நாளும் பாதிப் பேச்சிலேயே டாட்டா காட்டிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன். நான்காம் நாள், சனிக்கிழமை வகுப்புக்கு வர வேண்டும் என்று கேட்டு, நேரத்தையும் விலாசத்தையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுபடி பைக்குள் கையை விட்டார். நான் மறுபடி நோ தேங்க்ஸ் சொன்னேன்.

சனிக்கிழமை அவர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். மாடியில் நாற்பது மாணவர்கள், மேடத்தைப் பார்க்க வந்த அவர்களுடைய அப்பா அம்மாக்கள், பிரின்சிபால், பிரின்சிபாலின் மச்சான். ரோஜா மாலை போட்டார்கள். பிரின்சிபால் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் வரவேற்றார் (அதில் இரண்டு நிமிடம் காலஞ்சென்ற தன் தந்தையைப் பற்றி). நான் எழுந்து, மேடம் இப்போது கெட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுவார்கள் என்று அறிவித்தேன்.

மேடம் எழுந்து நின்றார். கைகூப்பினார். புன்னகைத்தார்.

அதோடு சரி.

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கீழே சந்தில் சோடாக்காரரின் மணி கேட்டது. நான் சபையைப் பார்த்து, “மேடம் யோசிக்கறாங்க” என்றேன். இன்னும் ஒரு நிமிடம் போயிற்று. “நெறைய யோசிக்கறாங்க” என்றேன். பிரின்சிபால் தொண்டையைக் கனைத்தார். மச்சான் முகத்தில் மெல்லப் பிரகாசம் வந்தது.

அப்போது அந்த அம்மாள் துணிப்பைக்குள் கையை விட்டார். பழக்க தோஷத்தில் நான், “நோ தேங்க்ஸ் மேடம்” என்றேன்.

“மிஸ்,” என்றான் பெருமாள், “அவங்க எதையோ எடுக்கறாங்க. கொஞ்சம் எடுக்க வுடுங்க மிஸ்.”

பையிலிருந்து ஒரு சிலேட்டு வந்தது. கூடவே ஒரு பலப்பம். அவர் நிதானமாக ஆங்கிலத்தில் எழுதிச் சபைக்குத் திருப்பிக் காட்டினார். நான் ஆசிரியை அல்லவா, வாய்விட்டுப் படித்து மொழிபெயர்க்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. ‘நான் மௌன விரதத்தில் இருக்கிறேன். நான்கு மாதம் ஆகிறது. சொல்ல முயன்றேன். இந்தப் பெண் விடவில்லை.’ துடைத்துவிட்டு இன்னொன்று எழுதினார். ‘நான் ஆங்கிலேயரும் இல்லை. ஹாலந்து. உங்களைப் போலத்தான் பள்ளியில் ஆங்கிலம் படித்தேன்.’

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. பெஞ்சு மேல் குத்திச் சிரித்தார்கள். ஒரு அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சான், “பேஷ், பேஷ்” என்றார். தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது எனக்கு. மௌனம் என்றால் என்னவென்று தெரியாத ஊரா இது? தடுக்கி விழுந்தால் ஒரு மௌனச் சாமியார் மேல் விழலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் என்னைப் போல் பேசிக்கொண்டே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாள் மூன்றாம் முறை சிலேட்டைக் காட்டினார். கோணல்மாணலான தமிழ் எழுத்தில் ஒரே வார்த்தை: ‘போடு’. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. ‘நான் பேசாததால் கடைவீதியில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். டீ போடுகிறார்கள், கோலம் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். சண்டையில் எதை எங்கே போடுகிறார்கள்?’

அதுவரை யாரும் அப்படி யோசித்ததில்லை. நானும்தான். பிறகு பெருமாள் எழுந்தான்.

“சட்ட போடறோம்மா. அது வேற.”

“தாழ்ப்பா போடறது!”

“ஓட்டு போடறாங்க!”

“ஆடு குட்டி போடுது!”

“டாக்டரு ஊசி போடறாரு. லைட்டு போடறோம். மொட்ட போடறோம். தூக்கம் போடறோம்.”

“கூஜா தூக்கறவங்க கும்புடு போடுவாங்க” என்றார் ஓர் அப்பா, பிரின்சிபாலைப் பார்க்காமல்.

“பிளேடு போடறது!” என்று கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை என்று எழுத ஆசை. புரிந்தது.

நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். பலகை நிறைந்து சுவரில் எழுதினேன். அந்த அம்மாள் சிறுபெண்ணைப் போல் கையைத் தட்டிக்கொண்டு, தன் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவமானத்தில் உருகிக்கொண்டிருந்த எனக்கு நடுவே எப்போதோ அது மறந்தே போய்விட்டது. கடைசியில் பெருமாள் சொன்னான்: “அப்ப அந்தக் கெட்டும் நம்ம போடு மாரிதான் மிஸ். தனியா நிக்கறப்ப ஒண்ணு, பக்கத்துல யார் வந்து குந்தறாங்களோ அதுக்கேத்தாப்ல ஒண்ணு. இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

அறுபத்து மூன்று கெட் மனப்பாடம் செய்த எனக்கு அது தெரிந்திருந்தால்தானே முதலிலேயே சொல்ல?

எல்லோரும் போன பிறகு பிரின்சிபால் என்னை அழைத்தார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நல்ல கிளாஸ்தாம்மா. ஆனா நான் வெச்சது இங்கிலீஷ் கிளாஸ். இந்த ஒண்ணேகால் மணி நேரத்துல எல்லாரும் படிச்சது தமிழு. திங்கக்கெழமலேர்ந்து மச்சான் பையன் வர்றான்.”

வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “நான்கூட சதுர்த்தசி சதுர்த்தசிக்கு மௌனம் இருக்கறேன். எத்தினி வருசமா. அதயாச்சும் நீ பாத்திருக்கியாடி?” என்றாள். பார்த்ததில்லை. அந்த நாட்களில் அம்மா என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்து, சமாதானப்படுத்த இன்னும் ஜாஸ்தியாகப் பேசியிருக்கிறேன். செங்கம் ரோட்டு டீக்கடைக்காரரும் பிறகு சொன்னார்: “அந்தம்மா பேசாதுன்னு ஊருக்கே தெரியும். நீ நாலு நாளா பேசிட்டே போனதப் பாத்து, இதும் ஏதோ வேண்டுதல் போலன்னு உட்டுட்டேன்.”

திங்கட்கிழமை காலை எங்கள் வாசலில் ஜட்கா வந்து நின்றது. சிலேட்டில், ‘எனக்குத் தமிழ் கற்றுக்கொடு’ என்று எழுதியிருந்தது. ஆங்கிலம் கற்பிக்கக் கிளம்பியவள் அன்றிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். எண்பதுகள் முழுவதும் அதுதான் என் பிழைப்பு. பேச்சுத் தமிழ்தான் என் சிறப்புப் பாடம். ஆனால் என் முதல் மாணவி எட்டு மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் பேசுவேன், அவர் கேட்பார். சந்தேகம் இருந்தால் சிலேட்டில் எழுதுவார். இப்படி ஒரு மாணவி எனக்கு அதன்பிறகு வாய்க்கவில்லை.

விரதம் முடிந்த அன்று காலை அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரிடமும் இன்னும் வாய் திறக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு வருடம் கழித்து வரப்போகிற முதல் வார்த்தை, அதுவும் என் தமிழில்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வார்த்தை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும், உங்களுக்கு எப்படி இருக்கிறது, தொண்டை வலிக்கிறதா, வெந்நீர் தரட்டுமா, அப்பாவைக் கூப்பிடட்டுமா என்று வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பிறகு மெதுவாக என் வாய்மேல் கையை வைத்து, கரகரத்த குரலில், ஹாலந்து உச்சரிப்பில், ஆனால் இலக்கணப் பிழையே இல்லாத தமிழில் சொன்னார்:

“பட்மா. கொஞ்சம் இர்ரு. நான் பேசறேன்.”

அம்மா உள்ளே நின்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வீட்டில் இந்த வசனம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா சொன்னார். கல்யாணமான மூன்றாம் நாள் கணவர் சொன்னார். என் மகள் பேச ஆரம்பித்ததே இதில்தான் என்று அவர் சத்தியம் செய்வார். நேற்று இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, முன்னுரையாக நான்கு வார்த்தை சொல்லலாமே என்று வாயெடுத்தேன். மொத்தக் குடும்பமும் ஹாலந்து உச்சரிப்பில் ஒரே குரலாகச் சொல்லிற்று. படிக்க விடவே இல்லை.