பிஎம்எக்ஸ் ரயரும் இலவசக் கட்டைவிரலும்

ஆரையம்பதியில் ஒருவர் இருக்கிறாராம். சைக்கிள் ரயரைக் கட்டைவிரலால் ஒருதரம் அழுத்தினால் போதும், அது எந்தத் தெருவில் எவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்லிவிடுவாராம். இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லையாம்.

பஸ்ஸில் என் காதில் விழுந்த கதை இது. நம்புவதா, விடுவதா? நேரே போய்ப் பார்த்துவிட்டேன். ஆள் இருக்கிறார். ஒருவரல்ல, ஓர் இனமே இருக்கிறது. ரயர் ஆலோசகர் என்பது அந்த இனத்தின் பெயர்.

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் கடை வாசலில், விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நட்டநடுவில் நிற்பார். கடையில் அவருக்கு வேலை இல்லை, பங்கு இல்லை, பல வேளைகளில் சொந்தமாகச் சைக்கிளும் இல்லை. ஆனாலும் புதிதாக ஒரு ரயர் கீழே இறங்கிவிட்டால் அதைத் தூக்குவார், தட்டுவார், முகர்வார், வெயிலுக்கு நேரே பிடிப்பார், "இது சீனாக்காரன்ட சாமான்" என்று உதட்டைப் பிதுக்குவார், அதில் வேறு நாட்டின் பெயர் அச்சடித்திருப்பதைக் காட்டினால் "அதைத்தான் சொல்றன், பேரை மாத்தி அடிச்சிரிக்கான்" என்பார். எல்லாம் விசாரிப்பார். யாருடைய பிள்ளை, மாமன் என்ன செய்கிறார், வீட்டில் கிணறா குழாயா. ஒன்றே ஒன்றைத்தான் கேட்கமாட்டார்: எங்கே ஓடப்போகிறாய்?

எதற்குக் கேட்க வேண்டும்? அவர் வீட்டு வாசலில் ஒரு தெரு கிடக்கிறதே! உலகத்து ரயர்களெல்லாம் அந்த ஒரு தெருவுக்கென்றே வார்க்கப்பட்டவை.

பாஹிமின் சைக்கிள் கடையில் பழைய ரயர் ஒன்று தொங்குகிறது. விற்பனைக்கல்ல. "வாறவங்க அமத்திப் பாக்க ஒண்டு வேணுமே சேர். இல்லாட்டிப் புதுசுகளை அமத்தியே பழசாக்கிப் போடுவாங்க" என்றார் பாஹிம்.

நான் போயிருந்த அன்று தனுஷா வந்தாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். அவள் உருட்டிவந்த பிஎம்எக்ஸ் சைக்கிளில் இரண்டு ரயரும் நூல் தெரியத் தேய்ந்திருந்தன. அண்ணன் கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போன சைக்கிள். அன்று பின்னேரம் நாவற்குடாவில் புத்தாண்டு விளையாட்டு விழா. பெண்களுக்கான சைக்கிள் ஓட்டத்தை விழாமல் முடித்தால் சைக்கிள் அவளுக்கு, இல்லாவிட்டால் மச்சானுக்கு என்று அண்ணன் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். மச்சான் வீட்டில் சைக்கிள் நிறுத்துவதற்கு ஏற்கனவே இடம் கூட்டி வைத்துவிட்டார்கள்.

"இருவது இஞ்சியில ஒரு சோடி தாங்க, பாஹிம் நானா. நடுவில வரி நெருக்கமா, ஓரத்தில றப்பர்க் கட்டை வச்சது. பாதித் தூரம் கார்ப்பெற் றோட்டு, மறுகா வாவிக்கரைக் கிறவல் மண்."

எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டாள்! அதுதான் அவள் விட்ட பிழை. தெளிவாகப் பேசுகிறவரைக் கண்டால் ஆலோசகருக்குப் பொறுக்காது.

"புள்ள, வழுவழுப்பானதை எடு" என்று முன்னே வந்தார் உதயரூபன், ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் வீட்டு வாசலில் ஓடுவது மட்டமாகத் தார் போட்ட கார்ப்பெற் றோட்டு. "காத்தைக் கல்லு மாதிரி அடி. பறக்கும்!"

"ஓம், பறக்கும். பறந்து வாவிக்குள்ள விழும்" என்றார் நல்லரத்தினம். அவருக்கு வட்டைக்குள் வயல். "பெரிய கட்டை ரயர் எடு மகள். மாரி மழைக்குள்ளயும் என்ட சைக்கிள் வரம்பில புதைஞ்சதேயில்ல."

"இது சித்திரை அண்ண. மழை எங்க?"

"மறுகா மாரி வராதா?"

"போட்டி இண்டைக்குப் பின்னேரம்!" என்றாள் தனுஷா. யார் கேட்டார்கள்?

"உங்கட சைக்கிள் எப்படிப் புதையும்? அது கொட்டிலுக்குள்ளயே கிடக்கு" என்றார் உதயரூபன்.

"உன்ட மோட்டர் சைக்கிள்ட பின் ரயர் உன்ட மண்டை மாதிரி வழுக்கையாக் கிடக்கு. நீ ரயர்க் கதை கதைக்கிற!"

கடைசியில் ஒரு சமாதானம் பிறந்தது. ஒரு சில்லுக்கு உதயரூபன் சொன்ன ரயர், மற்றதுக்கு நல்லரத்தினம் சொன்னது. எது முன்னுக்கு என்பதில் மீண்டும் போர் மூண்டது. அந்த இடைவெளியில் தனுஷா கண்ணைக் காட்ட, பாஹிம் அவள் கேட்ட சோடியையே எடுத்து மாட்டிவிட, அவள் போய்விட்டாள். படைகள் கவனிக்கவில்லை.

நான் பாஹிமிடம் மெல்லக் கேட்டேன்: "இவங்க சொன்னது ஒருநாளும் தவறியதில்லையாமே?"

"எப்படித் தவறும் சேர்? ரயர் வெடிச்சா ரிம் பிழை. ரிம் நல்லமெண்டா றோட்டுப் பிழை. றோட்டும் நல்லமெண்டா, ஓடினவன்ட பாரம் கூட."

பொழுது சாயும் நேரத்தில் தனுஷா திரும்பி வந்தாள். முழங்கால்வரை செம்மண், முகம் முழுக்கச் சிரிப்பு. நாலாவது இடம்.

"கிறவல் திருப்பத்தில ரெண்டு பேர் சறுக்கிட்டாங்க நானா. எனக்கு ஓரக் கட்டை மண்ணை நல்லாப் பிடிச்சிது. அண்ணனுக்கும் போன் பண்ணிட்டன். சைக்கிள் எனக்குத்தான்!"

"பாத்தியா, நான் சொன்ன ரயர்!" என்றார் உதயரூபன்.

"நான் சொன்ன கட்டை!" என்றார் நல்லரத்தினம்.

பிறகு அன்றைக்கு முதல்தடவையாக இருவரும் ஒத்துப்போனார்கள்: தங்கள் ஆலோசனைக்காகத் தனுஷா ஆளுக்கொரு தேத்தண்ணி வாங்கித் தரவேண்டும்.

"தாறன் அங்கிள்" என்று சைக்கிளைத் தன் பாவாடைக்குப் பின்னே மறைத்துக்கொண்டாள் தனுஷா. "நான் என்ன ரயர் போட்டு ஓடின எண்டு பாக்காமச் சொல்லுங்க, பாப்பம்."

ஒருவர் வானத்தைப் பார்த்தார். மற்றவர் கடையில் தொங்கிய பழைய ரயரை எட்டி அழுத்தினார். அந்தத் தேத்தண்ணிகள் இன்னும் பாக்கி.

அதிருக்கட்டும். இவ்வளவையும் வாசித்துக்கொண்டு வருகையில், "அந்தப் பிள்ளை அதை விட்டுட்டு இன்ன ரயரை எடுத்திருந்தால் முதலாமிடமே வந்திருக்கும்" என்று உங்கள் மனம் ஒருதரம் முணுமுணுத்ததல்லவா? இல்லையென்று சொல்லாதீர்கள். ஆரையம்பதிப் பக்கம் போனால் பாஹிமின் கடையில் விசாரியுங்கள். தனுஷா தரவேண்டிய கணக்கில் மூன்றாவது கோப்பை உங்களுடையது.