மார்சோவியாவில் பொறுப்பில் இருந்தவர்

பொறுப்பானவரைக் கண்டுபிடிக்கும் கலையில் நம் அரசாங்கத்தை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது. இதைத் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்துக் கடலைப் பார்த்த ஒரு நட்சத்திர ஓட்டலின் மாநாட்டு அறையில் என் இரு கண்களாலும் கண்டேன். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மார்சோவியா என்று ஒரு நாடு. உலக வரைபடத்தில் சுண்டுவிரல் நகத்தால் அதை மூடிவிடலாம். போன மாதம் அங்கே நம் தூதரகத்துக்குள் ஒரு கும்பல் புகுந்தது. அதிகாரிகள் அனைவரும் "தேசத்தின் ரகசியங்களைக் காக்கும் பொருட்டு" பெட்டக அறைக்குள் ஓடி, இரும்புக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்கள். வெளியே மிஞ்சியவர் சமையல்காரர் லிங்கராஜ். முன்பு திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர். ரகசியங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. லிங்கராஜுக்கு மண்டை உடைந்தது.

உடனே ஐவர் கொண்ட உயர்மட்டக் குழு அமைந்தது. சம்பவ இடத்தில் போதிய பாதுகாப்பு இல்லை என்பதைக் குழு டெல்லியிலிருந்தே கண்டுபிடித்தது. ஆகவே விசாரணையை லிங்கராஜின் மனைவி இருக்கும் திருவனந்தபுரத்தில் வைத்துக்கொண்டது. குழுவை உபசரிக்கும் அதிகாரி சேஷன், என் சொந்த மாமா. எனவே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பாளராக, எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் என்னைவிடத் தகுதியானவர் கிடைக்கவில்லை.

"டேய், பேசறதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை கொறையப்படாது. காலேஜ் பத்திரிகையிலே எழுதற குசும்பெல்லாம் இங்கே வேண்டாம், கேட்டியா?" என்றார் மாமா.

"சரி மாமா."

லிங்கராஜின் மனைவி பிரேமா வந்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்கிறவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சாரே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரு அங்க பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில கெடக்காரு. பாஸ்போர்ட்ட உங்க ஆளுங்க வாங்கி வச்சிருக்காங்களாம். விசாரணை முடியாம தர மாட்டாங்களாம். அதக் குடுத்து அவர இங்க அனுப்புங்க. நான் பாத்துக்கிடுதேன்."

மொழிபெயர்த்தேன். தலைவர் மிகுந்த கருணையோடு தலையசைத்தார். "முதலில் பொறுப்பை நிர்ணயிப்போம். மனிதர்கள் பிறகு."

அதன் பின் அவர் விளக்கியதைக் கேட்டு எனக்கு மெய்சிலிர்த்தது. தூதரகத்தில் பாதுகாப்பு அதிகாரி பதவி நெடுநாளாகக் காலி. அந்த வேலை வணிகப் பிரிவு அதிகாரியிடம் "கூடுதல் பொறுப்பாக" இருந்தது. அவர் மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் போகையில் கலாசார அதிகாரியிடம் ஒப்படைத்தார். கலாசார அதிகாரி வெளியூரில் யோகா முகாம் நடத்தப் போகையில், "அந்நேரம் அங்கே இருக்கும் ஊழியர்களில் மூத்தவரிடம்" ஒப்படைத்தார். பெட்டக அறை விதிப்படி தனி வளாகம். அதற்குள் இருந்தவர்கள் "அங்கே" இருந்ததாக ஆகாது. அங்கே இருந்தவர் ஒரே ஒருவர்.

"ஆகவே, சம்பவ நேரத்தில் தூதரகத்தின் பாதுகாப்பு அதிகாரி இவருடைய கணவரே. கும்பலைத் தடுக்கத் தவறியவரும் அவரே."

"அக்கா, அன்னைக்கு உங்க வீட்டுக்காரர்தான் செக்யூரிட்டி ஆபீசராம்" என்றேன்.

"ஆரு, இவரா? மீன்கறி கொதிச்சிட்டு இருந்துச்சுன்னுல்லா போன்ல சொன்னாரு!"

அடுப்பை அணைக்காமல் கடமைக்கு வந்ததைத் தனிக் குற்றமாகச் சேர்க்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஆழ்ந்து பரிசீலித்தார்கள்.

பிரேமா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஆபீசருன்னா அவரு சொல்றத மத்தவங்க கேக்கணும்லா?"

"கேட்டுத்தான் ஆகணும்க்கா."

"அப்ப இதக் கேளுங்க. 'கதவத் தெறங்க சாரே, என்னையும் உள்ள விடுங்க'ன்னு இவரு அந்த இரும்புக்கதவுல இடிச்சு இடிச்சுக் கத்திருக்காரு. உள்ள இருந்த ஒருத்தரும் தெறக்கல. ஆபீசரு சொன்னதக் கேக்காத அத்தன பேருக்கும் என்ன தண்டனை?"

ஒரு வார்த்தை குறையாமல் மொழிபெயர்த்தேன். தலைவர் உடனே தேநீர் இடைவேளை அறிவித்தார்.

மாமா என்னைப் பழம்பொரிப் பலகாரத் தட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "ஏண்டா, அதைப் போய் அப்படியே சொல்லுவாளா?"

"ஒரு வார்த்தை கொறையப்படாதுன்னேளே மாமா."

"அது பெரியவா பேசறதுக்குடா, அசடே!"

இடைவேளை முடிந்ததும் குழு தன் முடிவைத் திருத்தி வாசித்தது: "சம்பவ நேரத்தில் தூதரகத்தில் பொறுப்பில் யாருமே இல்லை." ஐவரும் கையெழுத்திட்டார்கள். ஓர் அரசாங்கம் தன்னைப் பற்றி இத்தனை சுருக்கமாகவும் துல்லியமாகவும் எழுதிக்கொண்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கைதட்டலாமா என்று மாமாவைப் பார்த்தேன். அவர் முறைத்தார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் மேல தப்பு ஒண்ணும் இல்லையாம்."

பிரேமா கைகூப்பினார். "நல்லாயிருப்பீங்க சாரே. அவரு எப்ப வருவாரு?"

தலைவர் விதியை விளக்கினார். பாஸ்போர்ட்டை விடுவிக்கத் தடையேதும் இல்லை. சம்பவ நேரத்தில் பொறுப்பில் இருந்தவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அப்படி ஒருவர் இல்லை என்பதைத்தான் குழு இப்போது ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறது.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொல்லி முடித்தேன். பிரேமா ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஆருமே இல்லாத எடத்துல, இத்தன வருசமா இவரு ஆருக்குத் தம்பி சோறு பொங்கிப் போட்டாரு?"

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவர் பதிலுக்காகப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அது வட்ட மேஜை.