கீரிக்கு ஒரு மீட்டர், பாம்புக்கு ஒரு மீட்டர்

ஒரு காட்டில் ஒரு கீரியும் ஒரு பாம்பும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தி வந்தன. கீரியின் பெயர் தங்கையா. பாம்பின் பெயர் வடிவு. சாரை இனம், விஷம் கிடையாது.

கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. பாம்பைக் கடித்தே வளர்ந்த வாயால் ஒரு பாம்பை வாழ்த்த முடியாது என்று தங்கையாவின் தாய்மாமா சொல்லிவிட்டார். கீரி வாடை அடிக்கிற உடம்போடு எங்கள் பக்கம் ஊர்ந்து வராதே என்று வடிவின் அத்தை ஓணானிடம் சொல்லி அனுப்பினாள். அதிகபட்சம் ஒரு மழைக்காலம், அதற்குள் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்பது காட்டின் பொதுவான அபிப்பிராயம். அப்படி எதுவும் நடக்கவில்லை. கரையான்கள் காலி செய்துவிட்டுப் போன பெரிய புற்று ஒன்றைக் கூட்டிப் பெருக்கிக் குடியேறி, பல மழைக்காலங்களைத் தள்ளிவிட்டார்கள். காடும் எதிர்பார்த்துக் களைத்துப்போய், வேறு ஜோடிகளைக் கவனிக்கப் போய்விட்டது.

அவர்களுக்குள் இருந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். வடிவுக்கு உடம்பில் சொந்தமாகச் சூடு இல்லை. தங்கையாவுக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. காட்டுக்கு மின்சாரம் வந்ததும் இதற்கு ஒரு வழி பிறந்தது. புற்றின் கிழக்கு மூலையில், கோழிக்குஞ்சுகளுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு பெரிய குண்டு பல்பைத் தொங்கவிட்டார்கள். அது வடிவுக்கு. மேற்கு மூலையில் செகண்ட் ஹேண்ட் ஏசி ஒன்றை மாட்டினார்கள். அது தங்கையாவுக்கு. ஏசி விடுகிற குளிரைப் பல்பு விரட்டும். பல்பு விடுகிற சூட்டை ஏசி விரட்டும். நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சூடும் இல்லாத, குளிரும் இல்லாத ஓர் இடம் இருந்தது. சாயங்காலம் இருவரும் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். எலிக்குழம்பு வைத்த நாளில் பேச்சு நீளும்.

இப்படி இருக்கையில் மின்வாரியம் கட்டணத்தை உயர்த்தியது.

அந்தக் காட்டின் மின்வாரியம் முழுக்கக் கொக்குகள். காத்திருக்கத் தெரிந்த பறவை என்பதால் மற்றவர்களைக் காக்க வைக்கவும் அதற்குத் தெரியும். கட்டணத்தில் படிகள் இருந்தன. முதல் படிக்குள் இருந்தால் இலவசம். இரண்டாம் படி எப்படியோ தாங்கும். அதற்கு மேல் ஏறிவிட்டால் ஒவ்வொரு யூனிட்டும் உச்சாணிக்கிளைப் பழம்போல எட்டாத விலையாகிவிடும். உயர்வுக்குக் காரணம் கேட்டவர்களுக்கு, நிலக்கரி தூரத்துக் காட்டிலிருந்து வருகிறது என்று கொக்குகள் சொல்லின. முன்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு முயல் கேட்டது. அதே காட்டிலிருந்துதான் என்று பதில் கிடைத்தது.

ஒவ்வொரு வீடும் தனக்குத் தோன்றியபடி சமாளித்தது. கரடி, பில் வருகிற மாதங்களில் தூங்குவது என்று முடிவெடுத்தது. மான்கள் புலி வரும்போது மட்டும் வாசல் விளக்கைப் போட்டன. பிறகு, விளக்கைப் போட்டாலும் புலி வரத்தான் செய்கிறது என்று அதையும் நிறுத்திக்கொண்டன. இருட்டிலேயே கண் தெரிகிற தேவாங்கு, விருந்தாளி வந்தால் மட்டும் பல்பைப் போட்டு, விருந்தாளி செருப்பைக் கழற்றி முடித்ததும் அணைத்தது.

தங்கையா பில்லைப் பார்த்தான். யாரோ நம் புற்றை விலைக்குக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று வடிவிடம் சொன்னான். கெடுவுக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அடியில் போட்டிருந்தது. கெடு மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது.

முதலில் சிக்கனமாக இருந்து பார்த்தார்கள். ஏசியை நிறுத்தினார்கள். தங்கையா நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் கிடந்தான். வழியில் போனவர்கள் அவனை நாய் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். மறுவாரம் ஏசியைப் போட்டுவிட்டுப் பல்பை நிறுத்தினார்கள். வடிவு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கோபம் என்று நினைத்துத் தங்கையா நெடுநேரம் சமாதானம் சொன்னான். பிறகு தொட்டுப் பார்த்தான். விறைத்துப் போயிருந்தாள்.

அவளை வாயில் கவ்விக்கொண்டு வெயிலுக்கு ஓடினான். கீரி பாம்பைக் கவ்விக்கொண்டு ஓடுவதைப் பார்த்த அணில்கள், கடைசியில் நடந்தேவிட்டது என்று மரத்துக்கு மரம் செய்தி சொல்லின. பாறை மேல் கொஞ்ச நேரம் காய்ந்ததும் வடிவு அசைந்தாள். விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தாள்: "...மிளகாயும் தீர்ந்துபோச்சு." தங்கையா சிரிக்கவில்லை. ஐப்பசியாக இருந்தாலும் அன்றைக்கு வெயில் அடித்ததால் பிழைத்தாள். மார்கழியில் வெயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இருவரும் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். வடிவு ஒருத்தி நிற்பதே நாலு பேர் நிற்கிற மாதிரி இருக்கிறது, சுருண்டு நிற்கக் கூடாதா என்று பின்னாலிருந்த ஆமை சண்டைக்கு வந்தது. கவுண்டரில் இருந்த கொக்கு, பில்லை ஒரு கண்ணால் பார்த்தது. ஒரு வாசல், ஒரு அடுப்பு, ஒரு குடும்பம் என்றால் ஒரு மீட்டர்தான், சேர்ந்து எரித்தால் சேர்ந்துதான் ஏறும் என்று விளக்கியது. இருவர் செலவையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே முதல் படிக்குள் அடங்கிவிடும் என்பதையும் அதுவே கணக்குப் போட்டுச் சொன்னது. அப்படியே பிரித்துப் போட்டுவிடுங்களேன் என்றான் தங்கையா.

"நான் எப்படிப் பிரிக்கிறது? நீங்கதான் பிரியணும்," என்றது கொக்கு.

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு முனிவர் வந்திருப்பார். இந்தக் காட்டில் ஒயர்மேன் வந்தது. ஒயர்மேன் ஒரு குரங்கு. அலுவலக வாசலில் இருந்த வேப்பமரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லோருடைய பில்லையும் மேலிருந்தே படித்துவிடும்.

அது விவரமாகச் சொன்னது. நடுவில் ஒரு சுவர், இன்னொரு வாசல், இன்னொரு அடுப்பு, எல்லாம் ஒரு பகல் வேலை. பழைய பில்லையும் இரண்டாகப் பிரித்துக் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் சுவரை மட்டும் காட்டி ஏமாற்றுகிற காலம் போய்விட்டது. காட்டில் பாதி வீட்டில் சுவர் வந்துவிட்டது, முயல்கள் ஒரு கோரைப்பாயைத் தொங்கவிட்டு இதுதான் சுவர் என்று சாதித்துவிட்டன. அதனால் வாரியம் புதுச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சுவரோடு மனசும் பிரிந்திருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதை நேரில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும்.

"எங்களுக்கு அதெல்லாம் வராதே அண்ணே," என்றாள் வடிவு.

குரங்கு அவளைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தது. பார்த்து முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

"ஏம்மா, நீ பாம்பு. அவரு கீரி. உங்களுக்கு வராம வேற யாருக்கு வரும்?"

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். புற்று கண்ணுக்குத் தெரிந்த பிறகு, சேர்ந்து இருக்கணும்னா பிரிஞ்சாகணுமாம், என்ன கூத்துங்க இது என்றாள் வடிவு. மார்கழி கழிகிற வரைக்கும்தான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான் தங்கையா.

சாட்சிக்கு உறவுக்காரர்கள் வேண்டும் என்று குரங்கு சொல்லியிருந்ததால், தங்கையா மாமாவைப் பார்க்கப் போனான். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிரியப்போகிறோம் என்று சொல்லி முடிக்கும் முன்பே மாமா எழுந்துவந்து கட்டிக்கொண்டார். "வாடா மருமகனே, இந்த ஒரு வார்த்தையைக் கேக்கத்தான் உசுர வச்சிட்டிருந்தேன்," என்றார். பொய்யாகத்தான் பிரிகிறோம், பில்லுக்காக என்று தங்கையா விளக்கினான். அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று மாமா ஆறுதல் சொன்னார். வடிவின் அத்தை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. புது அடுப்பையும் ஒரு கூடை காடை முட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குரங்கு மெல்லியதாக ஒரு மண்சுவர் எழுப்பியது. சரிபாதியாக அளந்து எழுப்பியதால் அது அந்த ஒரு முழ இடத்தின் மேலேயே நின்றது. பிறகு சண்டைக்கு ஒத்திகை நடத்தியது. மூஞ்சியில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று ஆரம்பிக்க வேண்டும், சமையலைக் குறை சொல்ல வேண்டும், கடைசியில் பாத்திரத்தை எறிய வேண்டும். தங்கையா பாத்திரத்தை எறிந்தான். வடிவு போய் எடுத்து, நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, அவன் கையிலேயே கொடுத்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குரங்கு தலையில் கைவைத்துக்கொண்டு, தான் எத்தனையோ வீட்டைப் பிரித்திருப்பதாகவும் இப்படி ஒரு கேஸைப் பார்த்ததில்லை என்றும் சொன்னது.

ஆய்வு நாளன்று புற்று வாசலில் விசேஷக்கூட்டம். கல்யாணத்துக்கு வராதவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கீரிகள் பந்தல் போட்டன. பாம்புகள் சீர்வரிசையோடு வந்தன. இரண்டு பக்கமும் ஒரே காரியத்துக்காகச் சந்தோஷப்படுவது அதுவே முதல் தடவை என்பதால் பேச்சு தானாக ஒட்டிக்கொண்டது. மாமா அத்தைக்கு நிழலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். உங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி என்னென்னவோ சொல்லி வளர்த்துவிட்டார்கள், நீங்கள் எவ்வளவு தன்மையாக இருக்கிறீர்கள் என்று அத்தை அவரிடம் சொன்னாள். பிரிவினை முடிவதற்குள் இரண்டு குடும்பமும் சம்பந்திகளாகிவிட்டன.

ஆய்வுக்கு வந்தது கவுண்டர் கொக்கேதான். ஆள் பற்றாக்குறை. இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டது. இது ஒத்தே வராத ஜோடி, அன்றைக்கே சொன்னோம் என்று மாமாவும் அத்தையும் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். கொக்கு அதை எழுதிக்கொள்ளவில்லை. உறவுக்காரர்கள் எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள், அதை வாரியம் ஏற்பதில்லை என்றது. தம்பதிகள் பேச வேண்டும்.

தங்கையா தன் வாசலில் நின்று, இவள் மூஞ்சியில் விழிக்கவே பிடிக்கவில்லை என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். வடிவு தன் வாசலில் நின்று, ஒழிஞ்சு தொலைங்க என்றாள். மரியாதை வேண்டாம் என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அடுத்தது சமையல். குழம்பில் உப்பே இருப்பதில்லை என்றான் தங்கையா.

"உங்களுக்குத்தானே பிரஷரு? வைத்தியர்தான் குறைக்கச் சொன்னாரு," என்றாள் வடிவு.

கொக்கு ஃபைலை மூடியது. பகை வந்த வீட்டில் உப்பை யாரும் கணக்குப் பார்த்துப் போடுவதில்லை என்றது. விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கெடு முடிந்த மறுநாள் ஒயரைக் கழற்ற ஆள் வரும் என்று சொல்லிவிட்டு, தூக்கியிருந்த காலைக் கீழே ஊன்றியது. கொக்கு இரண்டு காலில் நின்றால் கிளம்புகிறது என்று அர்த்தம்.

வாடைக்காற்று லேசாக அடித்தது. வடிவின் வால் நுனி மரத்துப்போனது. அது மேலே ஏறி வருவதும் அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள். பிறகு தங்கையாவின் பக்கம் திரும்பினாள். "உன் ஏசி ஓடின ஒவ்வொரு நாளும் நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன். ஒரு நாளாவது குளுருதான்னு கேட்டியா நீ?"

இது ஒத்திகையில் இல்லை.

"உன் பல்பு வெளிச்சத்துல நான் தூங்கி எத்தனை வருசம் ஆச்சுன்னு நீ கேட்டியா?" என்றான். "புத்தா இது? வாணலி. சொன்னா வருத்தப்படுவியேன்னு வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

"நானும் அப்படித்தான் கெடந்தேன்."

கொக்கு மறுபடியும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எழுதத் தொடங்கியது. நேரில் பார்த்துத் திருப்தி அடைந்ததாக எழுதியது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை காடை முட்டையை எல்லோருக்கும் பங்கிட்டாள்.

இரண்டு மீட்டர் வந்தது. பழைய பில் பிரிந்து சுருங்கியது, அதைக் கட்டியாயிற்று. மார்கழியும் வந்தது. ஏசிக் காற்று இல்லாததால் வடிவின் பக்கத்தில் பல்பு பாதி நேரம் எரிந்தாலே போதுமாக இருந்தது. வால் நுனி வரை சூடு பரவுவது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தங்கையாவின் பக்கம் இருட்டும் குளுமையுமாக இருந்தது. அவன் பகலிலும் தூங்கினான். அடுத்த பில்லில் இருவருக்கும் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. அவள் இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். சாப்பிட்டாச்சா என்று சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் குரங்கு வந்தது. சுவரில் வழி விட்டுக் கொடுப்பதும் தன் வேலையில் சேர்த்திதான் என்றது. ஆய்வு முடிந்த வீடுகளில் எல்லாம் சத்தமில்லாமல் உடைத்துக் கொடுத்தாகிவிட்டது, முயல்கள் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டன, இங்கே எந்த இடத்தில் உடைக்கட்டும் என்று கேட்டது.

சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லை.

"இப்ப உடைச்சா சூடெல்லாம் அந்தப் பக்கம் போயிடும். மார்கழி கழியட்டுமே அண்ணே," என்றாள் வடிவு கடைசியில்.

அதுவும் சரிதான் என்று அந்தப் பக்கத்திலிருந்து தங்கையா சொன்னான்.

சித்திரையில் குரங்கு மறுபடியும் வந்தது. கத்திரி வெயில் முடியட்டும், உடைத்தால் குளிர்ச்சி வீணாகிவிடும் என்றான் தங்கையா. அதுவும் சரிதான் என்றாள் வடிவு. அதற்குப் பிறகு குரங்கு வரவில்லை.

அடுத்த மார்கழியில் வடிவு தன் பக்கத்துச் சுவரில் இன்னொரு பூச்சு மண் பூசினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தங்கையாவும் தன் பக்கத்தில் பூசினான். யூனிட் இன்னும் குறைந்தது. சாப்பிட்டாச்சா என்பது இப்போது மறுபக்கம் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனாலும் நேரம் தவறாமல் கேட்டுக்கொள்கிறார்கள். மாமாவும் அத்தையும் பண்டிகை நாட்களில் சேர்ந்து வந்து, இரண்டு வாசலிலும் பலகாரம் வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து நெடுநேரம் பேசிவிட்டுப் போகிறார்கள். மின்வாரியம் தன் ஆண்டறிக்கையில் சிக்கனத்துக்கு முன்மாதிரியாக அந்தப் புற்றைத்தான் குறிப்பிடுகிறது. கீரிக்கும் பாம்புக்கும் இடையில் அதற்குப் பிறகு ஒரு சண்டைகூட வந்ததில்லை.

நீதி: மனமொத்த தம்பதிகள் நடுச்சுவரைக் கனமாகக் கட்டிக்கொள்ள வேண்டும், மின்சாரம் மிச்சமாகும்.