ஆறாவது மாடிக் கதவு

இனிமேல் என் வீட்டில் நான் வாயைத் திறப்பதில்லை என்று ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முடிவு செய்தேன். சாப்பிடத் திறப்பேன். கொட்டாவி விடத் திறப்பேன். பேசுவதற்கு மட்டும் கிடையாது.

காரணம் டிவி. வியாழன்தோறும் ஆறரை மணிக்கு ‘கூச்சல் குடும்பம்’ என்று ஒரு நாடகம் வருகிறது. நாலாவது மாடியில் குடியிருக்கிற ஒரு குடும்பம். அப்பா லிஃப்ட் மெக்கானிக், கத்துவதற்கென்றே பிறந்தவர். அம்மா வாயில்லாப் பூச்சி. மகன் வேலை தேடுவதையே வேலையாக வைத்திருப்பவன். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கிறது.

நானும் லிஃப்ட் மெக்கானிக். நாலாவது மாடி. என் மகனும் சோபாவில் படுத்துக்கொண்டுதான் வேலை தேடுகிறான். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்று வருஷமாக ஓடவில்லை. அது வேறு கம்பெனி லிஃப்ட், நான் தொடக் கூடாது. தினமும் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறுகிறேன். நாடகத்து அப்பாவும் அப்படித்தான் ஏறுகிறார். ஏறும்போது நான் முணுமுணுப்பதையே அவரும் முணுமுணுக்கிறார்.

முடிவெட்டப் போனால் கடைக்காரர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்த வாரத்து வசனத்தை எனக்கே சொல்லிக் காட்டுகிறார். கழுத்தில் கத்தி இருக்கும்போது கோபப்படவும் முடியாது.

திருடி யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டாம். அந்த நாடகம் எடுக்கிற கட்டடத்தில், கதை எழுதுகிறவர்கள் அறை உட்பட, தரை துடைக்கிறவள் என் மனைவி.

கேட்டேன். காலையில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவள் கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.

“உலகத்துல நீங்க ஒருத்தர்தான் அப்பாவாங்க?” என்றாள்.

அதோடு சரி. மேலே கேட்டால் அதுவும் டிவியில் வரும்.

கத்தினதெல்லாம் வந்தபோதுகூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வியாழக்கிழமை வேறொன்று வந்தது.

எனக்கு ஒரு மகள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேக்கரிக்காரனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். அதுதான் குறை. படிக்கட்டில் எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி, “நான் செத்தாக்கூட இந்த வாசப்படிய மிதிக்காதே” என்று கத்தினேன். அவள் என் மகள். மிதிக்கவில்லை.

நாடகத்து அப்பா அதே வார்த்தையைச் சொன்னார். சிரிப்பொலி போட்டிருந்தார்கள். என் மகனும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். மனைவி எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். காலையில்தான் துடைத்திருந்தாள்.

அன்றைக்குத்தான் வாயை மூடினேன். பேச்சு இல்லையென்றால் வசனம் ஏது? பட்டினி போட்டே நாடகத்தைக் கொன்றுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர் வேண்டுமென்றால் சீட்டில் எழுதி நீட்டினேன். சோப்பு தீர்ந்தால் சீட்டு. மகன் காலை மடக்கி உட்கார வேண்டுமென்றால் சீட்டு. ஏழு நாள் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. யாரும் என்னைப் பேசச் சொல்லிக் கெஞ்சவில்லை என்பதையும் கவனித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை நாடகத்து அப்பா முழு அரைமணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. சீட்டு எழுதி நீட்டினார். இதுவரை வந்ததிலேயே அதுதான் ரொம்பச் சிரிப்பு என்று முடிவெட்டுகிறவர் சொன்னார்.

தோற்றேன். ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. வாயால் சொன்னதைத்தானே திருடமுடியும்? சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மகள் குடியிருக்கிற கட்டடத்தின் லிஃப்ட் எங்கள் கம்பெனியுடையது. அது என் கூட வேலை செய்கிறவருக்கு ஒதுக்கிய ஏரியா. அவரிடம் சொல்லி மாற்றிக்கொண்டேன். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை சர்வீஸுக்குப் போவேன். அந்த நேரம் அவள் மருந்துக்கடை வேலைக்குப் போயிருப்பாள். தெரிந்துதான் போவேன். மேலே மோட்டாரைப் பார்த்து, எண்ணெய் விட்டு, பிறகு ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திக் கதவைச் சோதிக்க வேண்டும். ஆறாவது மாடியில் கதவு திறக்கும். எதிரே அவள் வீட்டு வாசல். ஓரத்தில் அவள் பழைய செருப்பு, இடது குதிகால் மட்டும் தேய்ந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நடப்பாள். பார்த்துக்கொண்டு நிற்பேன். கதவு தானாக மூடிக்கொள்ளும்.

ஒரு மாதம் பார்த்தால் அடுத்த மாதமும் பார்க்கத் தோன்றும். அதனால் சர்வீஸ் சீட்டில், “6-ஆம் மாடிக் கதவு மெதுவாக மூடுகிறது. மறுபடி பார்க்க வேண்டும்” என்று எழுதிவைப்பேன். இருபத்திமூன்று மாதமாக எழுதுகிறேன். அந்தக் கதவுக்கு ஒரு நோயும் இல்லை.

போன தடவை அந்த வாசலில் செருப்போடு அட்டைப்பெட்டிகளும் இருந்தன. மடித்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள். காவலாளியிடம் லிஃப்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி விசாரித்தேன். பேக்கரிக்காரருக்கு வெளியூரில் பெரிய வேலையாம், அடுத்த மாதம் காலி செய்கிறார்களாம். ரொம்பத் தூரமாம். நான் சீட்டில் வழக்கமானதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை.

ஆக, இன்னும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமைதான் மிச்சம். அதற்கு முந்தின வியாழக்கிழமை டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். நாடகத்து அப்பா லிஃப்டில் ஏறினார். ஆறாவது மாடியில் கதவு திறந்தது. எதிரே ஒரு வாசல், ஒரு ஜோடி செருப்பு. அந்த மனுஷன் பார்த்துக்கொண்டே நின்றார். கதவு மூடியது. சீட்டை எடுத்து, “மறுபடி பார்க்க வேண்டும்” என்று எழுதினார்.

சிரிப்பொலி போடவில்லை. என் மகன் சோபாவில் எழுந்து உட்கார்ந்தான். அவன் எழுந்து உட்கார்ந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

எனக்குக் காது சுட்டது. மனைவி பக்கம் திரும்பி, யாரிடமும் சொல்லாதது எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

“சட்டையத் துவைக்கறது யாருங்க?” என்றாள். “பையில சீட்டு நகல் இருக்கும். மாசா மாசம் அதே மாடி, அதே கதவு. லிஃப்டுக்கு வந்த வியாதி இல்லன்னு எனக்குத் தெரியாதா?”

செவ்வாய்க்கிழமை போகக் கூடாது என்று முடிவு செய்தேன். கூட வேலை செய்கிறவரையே அனுப்பிவிடுவதென்று அவரிடமும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு டூல்ஸ் பையோடு அந்தக் கட்டடத்து வாசலில் நின்றது நான்தான்.

ஆறாவது மாடியில் நிறுத்தாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் சோதிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் நான் இல்லை. நிறுத்தினேன். கதவு திறந்தது.

லிஃப்டுக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூல். அதில் என் மகள். வேலைக்கு லீவு போட்டிருக்கிறாள். மெலிந்திருந்தாள்.

மூடுகிற பட்டனை அழுத்தினேன். அவள் காலை நீட்டிக் கதவுக்கு நடுவில் வைத்தாள். குறுக்கே கால் இருந்தால் லிஃப்ட் நகராது. ஆறு வயதில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

“என்ன கோளாறு இந்தக் கதவுக்கு?” என்று கேட்டாள்.

“மெதுவா மூடுது” என்றேன்.

“அம்மா சொன்னப்போ நான் நம்பலப்பா. நீங்களாவது வர்றதாவதுன்னு சொல்லிட்டேன். டிவியில பார்த்தப்புறம்தான்...”

பெற்ற தாய் சொன்னால் நம்பமாட்டாளாம், டிவி சொன்னால் நம்புவாளாம். அதைச் சொல்லிக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். லிஃப்டை விட்டு வெளியே வந்து பையைத்தான் கீழே வைத்தேன். அது அவள் செருப்பின் பக்கத்தில் உட்கார்ந்தது.

உள்ளே போனால் பெட்டிகளுக்கு நடுவில் என் மனைவி பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பிரார்த்தனைக்குப் போகிறேன் என்பாளே, அது இங்கேதானாம். பொய்யா என்று கேட்டேன். இங்கே உட்கார்ந்துதான் வேண்டிக்கொண்டாளாம். திடீரென்று பழுது பார்க்க வந்து லிஃப்டில் நான் இருந்துவிடுவேனோ என்று ஆறு மாடியும் படியேறியே வந்தாளாம்.

“அதுக்காக ஊரே பார்க்கற மாதிரியா சொல்லணும்?” என்றேன்.

“வேற வழியில்லங்க. வர்ற வியாழக்கிழமை அந்த அப்பா செத்துடறாரு. நடிக்கறவர் வேற நாடகத்துக்குப் போறாராம். எனக்குப் போன வாரம் ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு.”

மாரடைப்பாம். படியேறும்போதாம். தரை துடைத்துக்கொண்டே அதையும் கேட்டு வைத்திருந்தாள். அவள் சொன்ன நிதானத்தில் என் நெஞ்சை நானே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்களாம். இருக்கிற நாட்களில் ஒருநாள் வீட்டுக்கு வாயேன் என்று மகளிடம் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தை. தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் அவள் ஒட்டிக் கட்டிய ஒரு பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினாள். “எங்க டிவிய உள்ள வெச்சு ஒட்டியாச்சுப்பா. வியாழக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்துதான் பார்க்கணும்.”

சர்வீஸ் சீட்டில் முதல் தடவையாக, “6-ஆம் மாடிக் கதவு சரியாக இருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் செத்தால்கூட வராதே என்று சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை ஆறரை மணிக்கு நான் சாகிறேன், என் மகள் வருகிறாள்.